முனியாண்டியின் இடது கண்

பழைய படத்தில் பிழை தெரிந்தால் திருத்தலாமா என்று பிரஷ் பிடிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் ஒருமுறை திருத்தினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோவில் சுவரில் போட்ட முனியாண்டிதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. அப்போது எனக்கு முகம் வரைய வராது. ஏணி பிடித்த கருப்பையாவை உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன். இடது கண் கீழே இறங்கிவிட்டது. சாமிக்குக் கண்ணைக் கடைசியாக, நல்ல நேரம் பார்த்துத் திறப்போம். திறந்த கண்ணைத் தொடமாட்டோம். அதனால் பிழை அப்படியே நின்றது. அடுத்த மழைக்காலத்தில் கருப்பையா ஆற்றோடு போனார். உடல் கிடைக்கவில்லை.

போன வருடம் கும்பாபிஷேகத்துக்குப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் வரைந்த கையோடு அந்த முகத்தைப் பார்த்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. கும்பாபிஷேகம் என்றால் தொடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்டர்கோட் அடித்து மறைத்தேன். போனில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. மறுநாள் புது முகம் போட்டுக் கண்ணையும் திறந்தேன்.

"இப்பதான் பெயின்டரே, சாமி மாதிரி இருக்கு" என்றார் கோவில் தலைவர்.

அடுத்த காலை ஒரே பனிமூட்டம். கருப்பையாவின் மனைவி செல்லம்மா வந்து சுவர் முன்னால் நின்றார். 

"அவரு எங்கேண்ணே?"

எனக்குப் புரியவில்லை.

"போட்டோன்னு ஒண்ணுகூட அவரு எடுத்ததில்லீங்க. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறப்ப தெனம் இங்க இருந்த மூஞ்சியத்தான் பாத்துட்டுப் போவேன்."

 திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று மூன்று தடவை போட்டு, மூன்று தடவையும் ஈரத்தோடு துடைத்தேன். வந்ததெல்லாம் லட்சணமான முகங்கள். ஒன்றுகூடக் கருப்பையா இல்லை. அந்தத் தப்பு இப்போது என் கைக்கு வரவில்லை. நாலாவதாகப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இரவெல்லாம் மழை. காலையில் போனபோது முகத்தின் இடது பக்கம் பெயின்ட் கொப்பளித்திருந்தது. விரல் வைத்ததும் அண்டர்கோட்டோடு உரிந்து வந்தது. உள்ளே அந்தப் பழைய கண், நான் வைத்தபடியே கீழே இறங்கி, என்னைப் பார்த்தது. ஈரம் என்றால் சுவர் முழுக்க அல்லவா ஏற வேண்டும்? மற்ற இடமெல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. சுரண்டியும் வரவில்லை.

செல்லம்மா எப்போது வந்தாரோ, என் பின்னால் நின்றிருந்தார்.

"விட்டுருங்கண்ணே. அவரு பாக்குறதுக்கு இது போதும்."

விட்டுவிட்டேன். பழைய வேலையைத் தொடுவதற்கு முன்னால், அதை யார் தினம் வந்து பார்க்கிறார்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கோவிலுக்குப் போனால் மட்டும் நான் அந்தக் கண்ணில் படாமல் வலது பக்கமாக நின்றுதான் கும்பிடுகிறேன். பயம்தான்.