நான் மாற்றி ஒட்டிய அட்டைகள்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். யூரோ வந்த குளிர்காலம். ஜெர்மனியின் வுப்பர்டாலில், பழைய இராணுவ இழுவை டிராக்டர்களுக்கும் பனி தள்ளும் டிராக்டர்களுக்கும் உதிரிப்பாகம் அனுப்பும் கிடங்கில் வேலை செய்தேன். எனக்குப் பின் வேலைக்கு வந்த நேசனைப் பொறுப்பாளனாக்கியதும் வயிறு எரிந்தது. கோயிலிலும் அவன் விழ வேண்டும் என்றே கும்பிட்டேன்.

ஒருநாள் இரண்டு பெட்டிகளுக்குப் புது அட்டை எழுதி, மாற்றி ஒட்டினேன். சக்கரச் சங்கிலியைப் பிணைக்கும் ஆணிகள் பிழையான அளவில் போய், ஒரு மலைக்கிராமத்தில் பனி டிராக்டர் நின்றுவிட்டது. முதலாளி கத்தினார். நேசன் திரும்பி வந்த பெட்டியின் அட்டையைப் பார்த்துவிட்டு, தன் பிழை என்றான்.

வெளியே வந்ததும் சொன்னான்: "அண்ணை, உங்கட எழுத்து எனக்குத் தெரியாதே? உங்களுக்கு மூண்டு பிள்ளையள். நான் தனி ஆள், சமாளிப்பன்."

அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவனது பொறுப்பை எனக்குத் தந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். இன்றும் அவன்மேல் பொறாமைதான், அந்த மனதுக்காக.

இதை யாருக்காவது சொன்னால், நான் வாங்கிக்கொண்டதையும் விடாமல் சொல்லுங்கள்.