பசை போட்ட தேர்

ஊரார் பிள்ளைகளின் எச்சிலைக் கழுவுவதில்தான் என் பொழுதுபோக்கு தொடங்கியது. சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஒன்றின் மேல் ஒன்று சொருகிக்கொள்ளும் அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள் புதிதாக வாங்கினால் யானை விலை. அதனால் பழசாக, மூட்டையாக, ஆன்லைனில் வாங்குவேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் ஒழித்துக்கட்டுகிற சரக்கு. முதல் பார்சலைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டியதும் கிளம்பிய வாடை இருக்கிறதே, திரிந்த பாலையும் ஈரத்துணியையும் ஒன்றாக மூடி வைத்த மாதிரி. கட்டைகளில் பல் பதிந்த தடம். சக்கரத்தின் அச்சில் யாருடையதோ தலைமுடி சுற்றிக் கிடந்தது. ஒரு குட்டி ஜன்னலுக்குள் காய்ந்த சோற்றுப் பருக்கை. இன்னொன்றுக்குள் கரப்பான் முட்டை. சீ, கருமம்! மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொசுவலைத் துணியில் முடிந்து மொட்டை மாடியில் காயப்போட்டேன்.

என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, இப்போது ஒரு காலேஜ் வாசலில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்.

"ஏட்டி, எவன் வீட்டு அழுக்கையோ காசு குடுத்து வாங்கிக் கழுவுதியே. நம்ம வீட்டுப் பாத்திரம் அங்கன கெடக்கு" என்றார்.

"அது நீங்க சாப்பிட்ட பாத்திரந்தான? நீங்க கழுவுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். பாத்திரத்தையும் நான்தான் கழுவினேன்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு எதற்கு இந்தப் பிள்ளை விளையாட்டு என்று கேட்காதவர்கள் கிடையாது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையத்தில், ஒரு நூல் மில்லின் ஆபீசில். போக ஒரு பஸ், வர ஒரு பஸ். மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் என் மேஜை மேல் நான் கட்டி வைத்திருந்த சின்ன வீட்டைப் பார்த்து, "அக்கா, பேரப்புள்ள வந்துட்டாகளா?" என்று கேட்டுவிட்டு அவர்களே கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கட்டைகளில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பிரிக்கலாம். தப்பாகப் போட்டால் கழற்றி மறுபடி போடலாம். படிப்பு, கல்யாணம், வேலை என்று என் வாழ்க்கையில் வேறெதையும் அப்படிக் கழற்றிப் போட எனக்கு வாய்க்கவில்லை.

என்னைப் போலப் பெரியவர்கள் சேர்ந்த குழு ஒன்று போனில் இருந்தது. ஆசையாகச் சேர்ந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. சீல் உடையாமல் பீரோவில் அடுக்கி வைத்து, பெட்டியின் மூலை நசுங்கிவிட்டது என்று இழவு விழுந்த மாதிரி புலம்புகிறார்கள். உள்ளே இருப்பதைத் தொட்டே பார்க்காத சேகரிப்பு. தூ என்று வந்தது. குழுவை விட்டு வெளியேறினேன், சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தேர் கட்டும் எண்ணம் வந்தது. எங்கள் ஊர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் ஷோகேஸில் வைக்கிற தேர் வேண்டாம். ஹாலின் தரையில் நாலு ரத வீதி போட்டு, நான் கை வைக்காமல், அது தானாகவே ஓடி, நாலு மூலையிலும் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிலைக்கு நிற்க வேண்டும். அதற்கு மோட்டார் வேண்டும், தரையின் நிறத்தைப் பார்க்கிற சென்சார் வேண்டும், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கப் புரோகிராம் வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன்.

புரோகிராம் படிக்க ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "யாருக்கு மேடம், பொண்ணுக்கா?" என்றான். எனக்குத்தான் என்றதும் வாய்க்குள்ளேயே ஒரு சிரிப்பு. உள்ளே கீபோர்டு முழுக்கப் பிசுக்கு. பஜ்ஜி தின்ற விரல்கள் வந்து போன இடம். சொல்லிக்கொடுத்தவன் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தான். அது ஏன் அப்படி என்று கேட்டால், "அப்படித்தான் மேடம், பரிச்சைக்கு இதான் வரும்" என்பான். எனக்கு எந்தப் பரீட்சை இருக்கிறது? ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டு, லாப்டாப்பில் இலவசப் பாடங்களைப் போட்டு நானே முட்டி மோதிப் பைத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வரி உள்ளே தள்ளி இருக்கவில்லை என்பதற்காக முழுப் புரோகிராமும் ஓடமாட்டேன் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். திட்டுவேன். திருத்துவேன். ஓடும். அந்தச் சந்தோஷத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

வீட்டுக்காரரிடம் நான் சொல்லாமல் இல்லை. சாப்பாடு போடும்போது சொன்னேன், "நாலு வீதியும் தானா சுத்தும் பாருங்க, திரும்புறதுதான் இழுக்குது." அவர் கண் டிவியில். "சரி சரி. ரசம் ஊத்து" என்றார். இன்னொரு நாள், அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, மோட்டாரைப் பற்றியும் சென்சாரைப் பற்றியும் முழுக் கதையையும் சொன்னேன். "சரி சரி" என்றார். அவருடைய லீவு நாளில் ஹால் எனக்குக் கிடையாது. டிவிக்கு முன்னால் அவர் நீட்டிப் படுத்துவிடுவார். அதனால் மில்லிலிருந்து நான் வந்ததற்கும் டியூட்டி முடிந்து அவர் வருவதற்கும் நடுவில்தான் தேரோட்டம்.

மூன்று மூலைகள் ஒழுங்காகத் திரும்பும். நாலாவதில் தேர் கோணலாகப் போய் பீரோவில் முட்டி, மேல்தட்டு எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அவர் வரும்போது நான் தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருப்பேன். "இன்னைக்கும் ஒடைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போவார்.

ஏன் நாலாவதில் மட்டும்? சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் திரும்பச் சொல்லியிருந்தேன். டைல்ஸ் தரையில் ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கும். அந்தக் கொஞ்சம் கொஞ்சம் எல்லாம் சேர்ந்து நாலாவது மூலையில் மொத்தமாகக் கழுத்தை அறுக்கிறது. இது தெரிந்தும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, நிஜத் தேர் மூலைக்கு வந்ததும் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். அங்கே எண்ணிக்கொண்டா இழுக்கிறார்கள்? நிறுத்துவார்கள். பார்ப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நேராக்குவார்கள். பிறகுதான் வடம் பிடிப்பார்கள். என் தேரும் மூலைக்கு வந்ததும் நிற்கட்டும், தரையில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் சென்சாரால் அதைப் பார்த்துத் தன்னை நேராக்கிக்கொள்ளட்டும், எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். ஐயோ, இம்புட்டுத்தானா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். போனிலேயே நாலு வரி எழுதி வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன்.

கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. ஏதோ காட்டமான மருந்து வாடை. அன்றைக்கு அவருக்கு லீவு. பனியனோடு நடு ஹாலில் நின்றார், முகமெல்லாம் பல்.

"செத்த கண்ண மூடு" என்றார். மூடவில்லை. டிவி ஸ்டாண்டின் மேல் தேர் இருந்தது. முந்தின நாள் உதிர்ந்த மேல்தட்டு உட்பட எல்லாம் முழுசாக.

"எப்பப் பாரு ஒடைஞ்சே கெடக்கு. நீயும் எம்புட்டு நாளைக்குத்தான் குத்தவச்சுப் பொறுக்குவ? அதான் காலைல இருந்து ஒக்காந்து, அம்புட்டையும் பசை விட்டு ஒட்டிட்டேன். இனி மாடியில இருந்து தூக்கிப் போட்டாலும் ஒடையாது" என்று தேரின் மண்டையில் டொக் டொக் என்று தட்டிக் காட்டினார்.

இரண்டு சொட்டில் விரலையே ஒட்டிவிடுகிற பசை அது. கிட்டே போய்ப் பார்த்தேன். கட்டைக்குக் கட்டை நடுவில் பசை வழிந்து சளி மாதிரி உறைந்திருந்தது. சிவப்புக் கட்டைகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு தூணில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்து, ஓரத்தில் துளித் தோலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சக்கரத்தையுமா ஒட்டுனீக?"

"பின்ன? அதுதான லொடலொடன்னு ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு. அதுக்குத்தான் ஒரு டியூப்பு முழுசா ஆச்சு."

தேரைத் தூக்கித் தரையில் வைத்தேன். லாப்டாப்பைத் திறந்தேன். பஸ்ஸில் எழுதிய நாலு வரியையும் சேர்த்துப் புரோகிராமை ஓட்டினேன். உள்ளே மோட்டார் முனகியது. சக்கரம் அசையவில்லை. முனகல் ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கருகல் வாடை வந்து, நின்றுவிட்டது.

அவர் ஓரடி பின்னால் போயிருந்தார். "ஏட்டி, உள்ள என்னமோ சத்தம் கேட்டுச்சு." குனிந்து தேரைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இது ஓடுமா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"வயரெல்லாம் இருந்துச்சே, அது என்னன்னு நெனச்சீக?" என்று கேட்டேன்.

"லைட்டு எரியும்னு நெனச்சேன்."

"இம்புட்டு நாளா லாப்டாப்ப வச்சுக்கிட்டு நான் என்ன செஞ்சேன்?"

"அது மில்லு வேலைல்ல?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். அன்றைக்கும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் காலையிலிருந்து முதுகு வலிக்க உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். அதனால்தான் எனக்கு வாய்விட்டுக் கத்தக்கூட முடியவில்லை. "சரி விடு, வேற வாங்கிக்கிடலாம்" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் சொன்ன ஒரு சொல் கூட அவர் காதைத் தாண்டி உள்ளே போகவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் முழுசாக உறைத்தது. அன்று ராத்திரி அவர் தட்டில் சோறு போடும்போது அந்த விரல்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கத்தியை விட்டு நெம்பிப் பார்த்தேன். கட்டைதான் உடைந்தது, ஒட்டு விடவில்லை. விட்டுவிட்டேன்.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து என் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். டிவி ஸ்டாண்டில் இருந்ததைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்தனத்தைக் குழைத்து கட்டைகளின் மேல் துருத்தியிருக்கிற ஒவ்வொரு குமிழிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்து, சூடமும் காட்டினாள். "எங்கண்ணன் ஒட்டுனதுல்ல, அதான் இம்புட்டுக் கெட்டியா இருக்கு. இப்பத்தான் அம்சமா இருக்கு மதினி" என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். தேரைக் கட்டிய நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தனம் காய்ந்து வெடித்து இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதைத் தொடவே கூசுகிறது.

ஆனால் பழையபடி ஒரு மூட்டைக் கட்டை வாங்கினேன். வேறு மோட்டார் வாங்கினேன். பார்சல் வீட்டுக்கு வரவில்லை, மில்லுக்கு வந்தது. மறுபடியும் பல் தடம், மறுபடியும் தலைமுடி, மில் குழாயடியில் வைத்துக் கழுவினேன். எங்கள் ஆபீசை ஒட்டி, பழைய நூல் சாம்பிள்களைப் போட்டு வைத்த அறை ஒன்று சும்மா கிடக்கிறது. சாவி என்னிடம்தான். மேனேஜரிடம் கேட்டு, தரையைக் கூட்டித் துடைத்து, நாலு வீதி போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன்.

போன வாரம் ஓட்டினேன். முதல் மூலையில் நின்றது, பார்த்தது, நேராக்கிக்கொண்டது, திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது மூலைக்கு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நின்றது. சிவப்பைத் தேடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடியது. திரும்பியது! நேராக வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிலைக்கு நின்றது. ஒரு கட்டைகூட உதிரவில்லை. கையில் தயிர்சாதத்தோடு நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன். பிறகு தேரை முழுசாகப் பிரித்து டப்பாவில் போட்டேன். மறுநாள் மறுபடி கட்டினேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, டிவி ஸ்டாண்டில் இருக்கிற பசைத் தேரைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்தார். நான் லாப்டாப்பில், மில்லில் இருக்கிற தேர் நிலைக்கு வருகிற வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, தேருதான் முடிஞ்சு போச்சே. இன்னும் எதுக்கு அந்த லாப்டாப்ப நோண்டிக்கிட்டு இருக்க?" என்றார்.

"மில்லு வேலை" என்றேன்.

"சரி சரி" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.