உம்மும்மா பேசிய தமிழ்

மார்கழி மாதம் வந்துவிட்டால் பலாபத்வலையில் எங்கள் வீடு முழுவதும் கராம்பு வாசம்தான். பாய்களில் பரப்பிய மொட்டுகள் வெயிலில் கிடந்து தவிட்டு நிறத்துக்கு மாறும்போது மூக்குக்குள் ஓர் எரிவு ஏறும், கண் கலங்கும். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலோ பாயின் மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவோம். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து உம்மும்மாவின் குரல் கேட்கும். "மழை வாறது! புள்ளைகள் ஓடுறது! நான் மத்தப் பாய் எடுக்கிறது!" அவ்வளவுதான், சிரிப்பில் எங்கள் கைகள் தளர்ந்து பாதிக் கராம்பு முற்றத்தில் கொட்டிவிடும்.

உம்மும்மா என்றால் என் உம்மாவின் உம்மா. மர்யம் என்று பெயர். ஆனால் கலியாணத்துக்கு முன்பு அவர் சோமாவதி. நாவுலைப் பக்கத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட ஒரு சிங்களக் குடும்பத்தின் பெண். வெங்காயம் வாங்க லொறியில் போய்வந்த உம்மாவின் வாப்பாவை விரும்பி, கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, நிக்காஹ் முடித்து இந்த வீட்டுக்கு வந்தவர். வந்த அன்றே மாமியார், "இந்த வீட்டுக்குள்ள தமிழ்தான், மகள்" என்று சொல்லிவிட்டாராம். அந்த மாமியார் கொடுமைக்காரி இல்லை. மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதக் கற்றுக்கொடுத்தவர், அவர் பிள்ளை பெற்றபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர். ஆனால் சிங்களம் மட்டும் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும். பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் சொல் ஒன்றுதான். அதை அப்படியே தமிழுக்குள் கொண்டுவந்த உம்மும்மா, நான் போறது, நீ போறது, அவங்க போறது என்று எல்லோரையும் ஒரே சொல்லில் போகவைத்துவிட்டார்.

அவரைத் திருத்துவது எங்கள் வீட்டின் விளையாட்டாக இருந்தது. "போறது இல்ல உம்மும்மா, போறேன்" என்போம். "ஆ, போறேன்" என்று பணிவாகத் திரும்பச் சொல்லிவிட்டு, "சரி, இப்ப நான் கடைக்குப் போறது" என்று கிளம்புவார். என் பெரியம்மாவின் மகன் பாரூக் நானா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவரைப்போலவே பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரர். உம்மும்மாவும் கூடவே வாய்விட்டுச் சிரிப்பார். அவரே சிரிக்கிறாரே, பிறகென்ன என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். விருந்தாளிகள் வந்தால் ஸலாம் சொல்லி, வெற்றிலைத் தட்டத்தை வைத்து, புன்னகைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். "மர்யம் பேச்சுக் கொறஞ்ச மனிசி, தங்கமான மனிசி" என்று ஊரில் சொன்னார்கள். என் உம்மாவும் அதை மறுத்துப் பேசியதில்லை.

எல்லோரையும்விட நான் மோசம். குர்ஆன் ஓதப்பள்ளி விடும் நேரம் மழை பெய்தால் உம்மும்மா குடையோடு வருவார். அவர் வாயைத் திறக்கட்டும் என்று என் கூட்டாளிகள் காத்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் முழுவதும் என்னை "ஓதுறது, எழுதுறது" என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் நான் அவரிடம், "பள்ளி கேட் கிட்ட வந்தா ஒண்ணும் பேசாம நில்லுங்க உம்மும்மா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மழைக்கு வந்தவர், வேலியோரம் குடைக்குள் நின்றபடி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த மார்கழி விடுமுறையில் நாவுலைப் பயணம் வாய்த்தது. கலியாணத்தால் தாய் தகப்பன் இருந்த காலத்தில் மூண்ட கோபமெல்லாம் தணிந்து, தன் அண்ணன் குணதாச வீட்டுக்கு எப்போதாவது ஒரு பகல் போய்வருவது உம்மும்மாவுக்கு வழக்கமாகியிருந்தது. மற்ற நாட்களில் உம்மா கூடப் போவார். இந்த முறை கராம்பை விட்டுவிட்டு வரமுடியாமல் என்னைத் துணைக்கு அனுப்பினார். பேரீச்சம்பழப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் வந்தார் உம்மும்மா. நாவுலையில் இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கத் தொடங்கியதும் வயலில் குனிந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "சோமா!" என்று கூவினாள். உம்மும்மா பதிலுக்குச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். வயலில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை; அவர் சொன்னதற்குச் சிரித்தார்கள். இது எனக்கு உடனே விளங்கவில்லை. அவர்களை முறைத்தது நினைவிருக்கிறது.

எனக்குத் தாத்தா முறையான குணதாச சீயா முற்றத்துக்கு ஓடிவந்து தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் முறித்த சோளத்தை அவித்து வைத்திருந்தார்கள். புதுச் சட்டியைக் காட்டி, "இது உங்களுக்கென்றே வாங்கினது, வேறு இறைச்சி எதுவும் படவில்லை, புள்ளை பயப்படாமல் சாப்பிடலாம்" என்று சீயா என்னிடம் சொன்னார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் குந்தினார்கள். ஒருத்தி, "அந்த ஆரச்சி கதையைச் சொல்லு சோமா" என்று கேட்டாள்.

பிறகு நான் பார்த்ததுதான் என் உம்மும்மா என்றால், அதுவரை எங்கள் வீட்டில் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. சேனையை அளக்க வந்த ஊர்த் தலைவர் ஆரச்சி, எருமை துரத்தி மரத்தில் ஏறிக்கொண்டு, அங்கிருந்தபடியே எருமைக்கு அரசாங்கக் கட்டளை பிறப்பித்த கதை அது. ஆரச்சியும் அவரே, எருமையும் அவரே. முக்காடு தோளுக்கு நழுவியது தெரியாமல், குரலை ஏற்றியும் இறக்கியும், சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாமல் ஒரு நொடி நிறுத்திக் கண்ணால் காட்டியும், அந்த முற்றத்தையே உருளவைத்தார். யாரோ இடையில் புகுந்து ஒரு பகடி விட்டபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டே சொல்லில் பதில் கொடுத்தார். பகடி விட்டவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கடைகளில் பேசும் சிங்களம் மட்டுமே தெரிந்த எனக்குப் பாதிதான் விளங்கியது. சீயா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "உன் ஆச்சி கலியாணம் முடித்துப் போன வருசம் இந்த வயலில் நாற்று நடவே யாருக்கும் மனம் வரவில்லை, புள்ளை" என்றார்.

நானும் பேசிப் பார்த்தேன். தண்ணீர் கேட்கப்போய் சீயாவை மரியாதையில்லாமல் 'நீ' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. ஒரு கிழவி என் கன்னத்தைத் தடவி, "நம்ம பாஷையை என்ன அழகாகப் பேசுது, பாரேன்" என்றார். நான் உம்மும்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இது எதையும் கவனிக்கவில்லை. அடுத்த கதையில் இருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஊர் நெருங்க நெருங்க, முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பழைய உம்மும்மாவாகிக்கொண்டிருந்தார். "அந்தக் கதைய நம்ம ஊட்லயும் சொல்லுங்களே உம்மும்மா" என்றேன்.

அவர் சொன்னார்: "தமிழ்ல சொன்னா கதைக்கு இல்ல மகள் சிரிக்கிறது. எனக்குத்தான் சிரிக்கிறது."

வீட்டுக்கு வந்ததும் பாரூக் நானா, "உம்மும்மா, பயணம் எப்படி?" என்று கேட்டார். "நல்லா போறது, நல்லா வாறது" என்றார் உம்மும்மா. எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டு வந்த நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் ஓடியது.

அதற்குப் பிறகு நான் கண்டியில் படித்து, கொழும்பில் வேலைக்குப் போய், பெருநாளுக்குப் பெருநாள் வந்துபோகிறவளாகிவிட்டேன். போன வருடம் உம்மும்மாவைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. கை கால் விழுந்ததோடு தமிழும் போய்விட்டது. சொல்வது எல்லாம் சிங்களம், அதுவும் நாவுலைக் கிராமத்துச் சிங்களம், விடாமல் வந்துகொண்டிருந்தது. மருந்து கட்ட வந்த சிங்கள நர்ஸ் ஒருவர் கட்டிலருகே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று கேட்க நினைத்து, யாரோ கூப்பிட்டதில் விட்டுவிட்டேன். கடைசிப் பகலில் பள்ளிவாசல் ஆட்கள் யாசீன் ஓத வந்திருந்தார்கள். உம்மும்மா இடையிடையே பேசுவதும் தானாகச் சிரிப்பதுமாக இருந்தார். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாமப் படுங்க உம்மும்மா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அஸர் தொழுகைக்கு முன்பு உம்மா சொல்லிக்கொடுக்க, கலிமாவை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி மௌத்தானார்.

ஜனாஸாவை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்தோம். நாவுலைக்கு ஒருவர் சொல்லியிருப்பார் என்று மற்றவர் நினைத்திருந்தோம். அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் உம்மா கேட்டார், "மாமாவுக்கு யார் சொன்னது?" ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சொல்லியனுப்ப, குணதாச சீயா பேரனைப் பிடித்துக்கொண்டு பின்னேரம் வந்து சேர்ந்தார். முகம் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, வைத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "நங்கி கடைசியாக என்ன சொன்னாள்?" என்று தங்கையைப் பற்றிக் கேட்டார்.

"கலிமா சொன்னாங்க" என்றார் உம்மா.

"அது நல்லது. அதற்கு முதல்?"

உம்மா என்னைப் பார்த்தார். "நிறையப் பேசினாங்க சீயா" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "எங்களுக்குச் சரியா விளங்கல்ல."

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே அதிசயப்பட்டவராக என்னை நிமிர்ந்து பார்த்தார். "சோமா பேசினது விளங்கவில்லையா?" என்றார்.

இந்த வருடம் சீயாவும் போய்விட்டார். இப்போதும் பெருநாளைக்கு நாங்கள் எல்லோரும் கூடினால் பேச்சு உம்மும்மாவிடம்தான் போய் நிற்கிறது. நரைத்துப்போன பாரூக் நானா "மழை வாறது, நான் பாய் எடுக்கிறது" என்று அதே குரலில் சொல்லிக் காட்டுவார். சிரித்து, பிறகு உம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் தவறாகப் பேசியது அத்தனையும் எங்களுக்கு மனப்பாடம். சரியாகப் பேசியதில் ஒரு வசனம்கூட எங்களிடம் இல்லை.