இருபது பேருக்கும் ஒரே மோர்

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னும் பெண்கள் மத்தியில் ஆவுடைத்தாய் சொன்னால் சொன்னதுதான். பதிமூன்று வயதில் வேலைக்கு வந்தவள். கட்டிக்கொண்டவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். யாராவது விசாரித்தால், "அவன் அங்கன நல்லாத்தான் இருக்கான், நீ திரியைப் பாரு" என்பாள். மதியத்தில் யார் தூக்குவாளியில் என்ன இருந்தாலும் அவள் கைக்குப் போய்த்தான் பங்காகும்.

2006 ஐப்பசி மழையில் தொட்டித் தண்ணீர் கெட்டு, அங்கே பாதிப் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். ஆவுடைத்தாய்க்கு நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது.

அவள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன மாரிசெல்விக்கு அது நுண்ணுயிரியல் முதுகலையின் கடைசி வருடம். வயிற்று நோயிலிருந்து தேறியவர்களுக்கு நல்ல பாக்டீரியா கொடுத்தால் குடலின் எதிர்ப்பாற்றல் கூடுமா என்பதுதான் ஆய்வு. கம்பெனியில் அப்படித் தேறிய இருபது பெண்களைச் சேர்த்துத் தந்தவள் ஆவுடைத்தாய். பத்துப் பேருக்கு 'ஏ' பாக்கெட். பாக்டீரியா கலந்த தூள். பத்துப் பேருக்கு 'பி', வெறும் மாவு. முப்பது நாள் மோரில் கலந்து குடிக்க வேண்டும். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து, அதிலுள்ள எதிர்ப்புப் புரதத்தை அளக்க வேண்டும்.

"ஏட்டி, துப்புறதுக்கும் ஒரு படிப்பு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆவுடைத்தாய்தான் முதலில் குழாயில் துப்பினாள். இன்று மதுரையில் தான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் குழாய்களைத் திறக்கும்போதெல்லாம் மாரிசெல்விக்கு அந்த மதியங்களின் சிரிப்பு காதில் விழும்.

மாவு விஷயத்தை மட்டும் அவள் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தாள்.

ஒரு மாதம் கழித்து வந்த முடிவில் இரண்டு பிரிவுக்கும் அந்தப் புரதம் ஒரே அளவு கூடியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. நேராகக் கம்பெனிக்கு ஓடினாள்.

"சித்தி, அவுகவுக பாக்கெட்டை அவுகவுகதான குடிச்சீக?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே வயதில் சின்னவளான ஜெயக்கொடி சொன்னாள்: "மூணாம் நாளே நக்கிப் பாத்தாச்சுக்கா. ஏ புளிக்குது, எங்க பி சப்புனு கெடக்கு."

"அதான் இருபதையும் ஒரே வாளி மோர்ல கொட்டிக் கலக்கி, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்துனேன்," என்றாள் ஆவுடைத்தாய் பெருமையாக. "ஒருத்திக்கும் கொறச்சல் இல்ல."

மாரிசெல்வி கத்திவிட்டாள். "உங்களுக்குச் சொன்னா மட்டும் என்ன புரியப்போகுது!"

சிரிப்பு நின்றது.

"சொல்லிப் பாத்தியா?" என்றாள் ஆவுடைத்தாய். "பி என்னதுட்டி?"

"மாவு."

"நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தவ வாயில மாவைப் போட்டுட்டுப் போயிருக்க."

மருந்து என்று மாரிசெல்வி ஒருபோதும் சொல்லவில்லைதான். அவர்கள் அப்படி நினைத்தபோது திருத்தவுமில்லை. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது, பி பிரிவின் எண்களைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்றுகூட அவள் மனம் கேட்டது. அந்த மனம் தன்னுடையதுதானா என்று பயந்தே மறுநாள் ஆசிரியை ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"திரும்பச் செய்யலாம். ஆனா அடுத்த பேட்ச்சோடதான் முடிப்ப," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடைத்தாய் வீட்டில் பெண்களைக் கூட்டி, ஆய்வைத் திரும்பச் செய்யப்போவதையும், ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்கு மாவுதான் வரும் என்பதையும் மாரிசெல்வி சொன்னாள். அன்று பேசிய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டாள். முணுமுணுப்பு எழுந்தது. ஆவுடைத்தாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் இவளுகளுக்கு மாவு, அவளுகளுக்கு மருந்து. மறு மாசம் மாத்திக் குடு. அப்படின்னா வாரோம்."

இதைக் கேட்டதும் ஹெப்சிபா தலையாட்டினார். அப்படியொரு முறை ஏற்கெனவே இருக்கிறதாம். இரண்டு மாதத்துக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி விட்டால் போதும் என்றார். இம்முறை ருசி ஒன்றாயிருக்க இரண்டு தூளிலும் எலுமிச்சை உப்பைக் கலந்து, பாக்கெட்டுகளைத் தானே பங்கிட்டு, யாருக்கு எது என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

கூடப் படித்தவர்கள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய வாரம், மாரிசெல்வி சாப்பாட்டுக் கொட்டகையில் நின்றாள். ஜெயக்கொடி நக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் புளிக்குதுக்கா, நாசமாப்போச்சு."

ஆவுடைத்தாய் தன் பாக்கெட்டை மோரில் தட்டினாள். "எனக்கு எதுட்டி வந்திருக்கு?"

"எனக்கே தெரியாது சித்தி."

"நெசமா?"

"நெசமா."

அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ஆவுடைத்தாய் டம்ளரைத் தூக்கிக் குடித்தாள்.