எஸ்தர் அக்காவும் அந்தி நேரத்துக் குரலும்

நீலகிரி மலையில், அரவேணுவில் பஸ் ஏறப் படியில் கால் வைத்தபோது நடத்துனர் என்னைத் தடுத்தார். "ஏனுங்க வாத்தியாரே, உங்க எஸ்தரக்கா காலையில தவறிட்டாங்களாமுங்க." வைத்த காலை எடுத்துவிட்டேன். எங்கே போகக் கிளம்பினேன் என்பதே மறந்துபோயிற்று.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவர். எங்களைப் போலவே இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். கிளென்மார்கன் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்கென்று வரிசை வீடுகளாகக் கட்டிய புது லயங்களில், ஞாயிற்றுக்கிழமை தோறும் பெற்றோரையும் வளர்ந்த பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினார். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசப் பழகும் கூட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாத்தியாருக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு நர்ஸா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "ஊசி குத்துறவளுக்கும் வாய் இருக்குங்கய்யா, வந்து உக்காருங்க" என்றார்.

போகாமலிருக்க வழியில்லை. எங்கள் பிள்ளைகள் கைமீறிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கு மட்டம், சாராயம், கொழுந்து மூட்டைத் திருட்டு. என் மகன் மோகனுக்கு அப்போது பதினாறு வயது. வாத்தியார் மகன் அல்லவா, எல்லாவற்றிலும் முதல் ஆளாக நின்றான். எல்லா வீட்டிலும் கேட்ட புகார் ஒன்றுதான்: கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை.

அக்கா அதைப் பிள்ளைகளிடமே கேட்டார். ஒரு பெண் சொன்னாள்: "அந்தியில வெளியிலேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு அம்மாதான் சொன்னாங்க. அது அப்பாவா இருக்காதாம்." தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேய்க்குப் பயந்த பழைய வழக்கம்தான். ஆனால் இலங்கையில் கலவரத்தின்போது, பழகிய குரல்களே லயத்து வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டன. பதில் கொடுத்து வெளியே போனவர்கள் திரும்பவில்லை. அதை எங்களில் யாரும் மறக்கவில்லை. இங்கேயும் அப்பன்மார் வீடு திரும்புவது அந்தியில்தான். மூடுபனியில் முகம் தெரியாது. பிள்ளை பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க, அப்பன் அதைத் திமிர் என்று நினைத்து விளாசியிருக்கிறான். நானும்தான்.

அந்தியானதும் அக்கா அப்பன்மார்களான எங்களைப் பனிக்குள் அனுப்பினார். "பேர் சொல்லுங்க. நீங்க யாருன்னு சொல்லுங்க. பொறகு ஏசாம, மறுபடி கூப்பிடாம நில்லுங்க. புள்ள பதில் சொல்ற வரைக்கும் நில்லுங்க." ஆண்கள் கூச்சத்தில் நெளிந்தோம். லயம் நெடுக மனிதர்கள் பனிக்குள் நின்று "நான் அப்பா" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருப்பதைப் பார்க்கக் கிலியாக இருக்கும். உள்ளேயிருந்து மெல்ல ஒரு "என்னப்பா" வரும். போகப் போக அது சீக்கிரமே வந்தது. எனக்கு மட்டும் நிற்கப் பொறுமை வரவில்லை.

ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி மோகன் வீட்டை விட்டு இறங்கிப் போனான். பொழுது சாயும்போது அவனை அணைப் பக்கம் பார்த்ததாகச் சேதி வந்தது. அக்காவும் என்னோடு ஓடிவந்தார். நீட்டிய கை தெரியாத பனி. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அதன் வாடையில்தான் தெரிந்தது. மேட்டில் நின்று, "மோகன், நான் அப்பா" என்றேன். மறுபடி கத்த வாயெடுத்தபோது அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "நில்லுங்கய்யா." நின்றோம். போய்விட்டான் என்றே நினைத்தேன். பிறகு மிக அருகில் "என்னப்பா" என்று கேட்டது. அவன் கால்கள் நனைந்திருந்தன. ஏனென்று கேட்டும் சொல்லவில்லை.

அதற்காக மறுநாளே அவன் உத்தமனாகிவிடவில்லை. குடியை விடச் சில வருஷம் பிடித்தது. கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளில் கெட்டு அழிந்தவர்களும் உண்டு. பிழைத்தவர்கள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். அக்கா அவர்களைப் பற்றி விசாரிப்பது ஒன்றைத்தான்: "இப்ப அவன் வீட்டுல புள்ளைங்க பதில் சொல்லுதுங்களா?" சொல்லுகின்றன, நானே போய்ப் பார்த்திருக்கிறேன். திருப்பூரில், பனியே இறங்காத ஒரு சந்தில், மோகன் தன் வீட்டு வாசலில் நின்று "நான் அப்பா" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பான். அக்கம்பக்கத்தார் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

அக்காவை அடக்கம் செய்த அன்று மோகன் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும் வழியில், நான் கேட்காமலே சொன்னான்.

"அன்னிக்கு நீங்க மேட்டுல நின்னு கூப்பிடுறதுக்கு முந்தியே தண்ணிப் பக்கமிருந்து கூப்பிட்டுச்சுப்பா. உங்க குரலேதான். 'நான் அப்பா'ன்னும் சொல்லிச்சு. நான் எந்திரிச்சு அந்தப் பக்கம் நடந்தேன். கால் நனைஞ்சிருச்சு. அது விடாம கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பதான் மேட்டுலேருந்து ஒரு குரல். ஒரே தடவ. அதுக்கப்பறம் சத்தமே இல்ல. என் பதிலுக்கு யாரோ நிக்கிறாங்கன்னு தெரிஞ்சு போச்சு. அந்தப் பக்கம் வந்துட்டேன்."

அக்கா பிடித்திராவிட்டால் நானும் ஓயாமல் கத்தியிருப்பேன். இரண்டு குரலில் எது அப்பன் என்று அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்திருப்பது என்ன என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். என் மகனை வைத்திருக்கிறேன்.