சக்கரம் வைத்த உளி

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரைக்குக் குதிரைப் பந்தயம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, குடிகூட அளவோடுதான். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், படம் போட்ட புத்தகத்தைப் பார்த்துச் சீமையிலிருந்து சாமான் தருவிப்பது. மாதம் ஒருமுறை தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டி போய் ஒரு மரப்பெட்டியோடு திரும்பும். பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் ஏதாவது ஒரு விசித்திரம். பத்து நாள் பங்களாவில் இருக்கும். பதினோராம் நாள் கூலிக்காரர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு வந்து சேரும். துரைக்கு ஏமாற்றம் தந்ததெல்லாம் எங்களுக்குத்தான்.

அப்படி வந்தவற்றில் கொசு பிடிக்கும் விளக்கு ஒன்று. கொசுவைத் தவிர மற்ற எல்லாப் பூச்சியையும் அது பிடித்தது. பிறகு தேங்காய் உடைக்கும் இயந்திரம். நான்கு திருகாணியை முடுக்கித் தேங்காயை அதில் உட்கார வைப்பதற்குள் என் அம்மா அரிவாளால் மூன்று தேங்காய் உடைத்துத் துருவியும் முடித்துவிட்டாள். சைக்கிளில் போகிறவர் தலைக்கு மேல் தானாக நிற்கும் குடை ஒன்றும் வந்தது. வந்த அன்றே அது அப்பாவைச் சைக்கிளோடு சேர்த்துக் கால்வாயில் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜம்பு மரத்தடியில் பெண்கள் பேன் பார்த்துக்கொண்டே இந்தச் சாமான்களுக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தக் கோர்ட்டுக்கு என் அத்தைதான் ஜட்ஜு. அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த வீட்டில் மாமாவோடு இருந்தாள். கொசு விளக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாமா பக்கம் கையைக் காட்டி, "ரெண்டும் ஒண்ணுதான். ஊத்துறதெல்லாம் குடிச்சிட்டு சும்மா நிக்குது" என்றாள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அத்தை சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

அத்தைக்கு அப்படிப் பேச உரிமை இருந்தது. பால்மரம் வெட்டுவதில் அவளுக்குச் சமமாக அந்தத் தோட்டத்தில் ஆண்களிலும் ஆள் இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையை உளியால் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிப்போனால் உளி கட்டையில் பட்டு மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் பிறகு முண்டுமுண்டாக வீங்கிவிடும், அங்கே மறுபடி வெட்ட முடியாது. அத்தையின் முந்நூறு மரத்தில் ஒரு முண்டு கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு. அடுத்தவர் பங்கு மர வரிசையான நிரை வழியாகப் போகும்போது அவர்கள் மரத்தை விரலால் தடவி, 'ச்சு' என்று நாக்கைத் தட்டாமல் தாண்டமாட்டாள்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு பெட்டி நேராக அத்தையிடமே வந்தது. ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியும் கிராணியும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். கிராணி ஆபீஸில் கணக்கெழுதுபவர். துரைக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'போ', 'சீக்கிரம்' என்ற மூன்றுதான் என்பதால், அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுவதும் கிராணிதான். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் அரை நாள் பேரை, அதாவது கூலியை, வெட்டிவிடுகிறவர். அத்தை அவரைப் பேனாப்பூச்சி என்பாள், அவர் காதில் விழாத தூரத்தில்.

பெட்டிக்குள் பித்தளைப் பிடி போட்ட ஓர் உளி. அதன் மூக்கில் ஒரு சின்னச் சக்கரம், பக்கத்தில் ஒரு திருகாணி, போட்டு வைக்கத் தோல் உறை. கூடவே ஒரு புத்தகம். அதில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறு கையால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்திலேயே நல்ல கை அத்தையின் கை என்பதால், ஒரு வாரம் அவள் வெட்டிப் பார்க்க வேண்டும், சனிக்கிழமை துரையே நிரைக்கு வந்து பார்ப்பார் என்றார் கிராணி.

மறுநாள் விடிகாலையில் நானும் அத்தையோடு போனேன். தோல் உறையைத் தூக்கி வரும் பொறுப்பை அழுது வாங்கியிருந்தேன். முதல் மரத்தில் அத்தை இளக்காரமாகத்தான் உளியை வைத்தாள். சக்கரம் பட்டைமேல் உருண்டது. பின்னாலேயே சீவல் ஒரே அளவில் சுருண்டு விழுந்தது. பால் கோடு பிடித்து ஓடி, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. அத்தை அடுத்த மரத்துக்குப் போனாள். இருபது மரம் தாண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக வெயில் ஏறித்தான் முடியும் முந்நூறு மரமும் அன்று பனி காய்வதற்குள் முடிந்துவிட்டன.

அத்தை உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். என்ன நினைத்தாளோ, ஒரு கிழட்டு மரத்தைக் காட்டி என்னையும் ஒரு வெட்டு வெட்டச் சொன்னாள். உளியே பிடித்தறியாத நான் வெட்டினேன். நான் அழுத்தினாலும் சக்கரம் ஆழமாகப் போகவிடவில்லை. அத்தை அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள். நாக்கைத் தட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், சாவுச் சேதி சொல்கிற குரலில்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா பால் நிறுக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஆபீஸ் பேச்சு அவர் காதில் விழும். உளி நன்றாக இருந்தால் துரை எல்லாருக்கும் தருவிக்கப் போகிறாராம். ஆளுக்கு முந்நூறு மரம் என்பது ஐந்நூறு ஆகுமாம். பிறகு இத்தனை ஆள் எதற்கு, பாதிப் பேரைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் சொந்த ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று பேச்சாம். அப்பா இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வெட்டுறது வெட்டிரலாம்டா" என்றாள் அத்தை. "ஐந்நூறு மரத்துப் பால யாரு தூக்குறது? உளிக்குச் சக்கரம் வச்சவன் எந்தோளுக்கு வச்சானா?"

இரண்டு வாளியைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டாக் கம்பு அழுத்தி அழுத்தி அவள் தோள் காய்த்துப் போயிருந்தது.

எனக்கோ அந்தப் பேச்சு முழுக்க இனித்தது. முந்நூறைவிட ஐந்நூறு பெரியது. பெரியது என்றால் நல்லது. அதோடு நான் கப்பலைப் பார்த்ததே இல்லை. அனுப்பப்போகிற அந்தப் பாதிப் பேரில் நாங்களும் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை நான் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். துரையும் கிராணியும் கங்காணியும் முன்னால் நின்றார்கள், லயத்து ஜனங்கள் பின்னால். அத்தை சக்கர உளியை முதல் மரத்தில் வைத்து இழுத்தாள். பட்டை பிய்ந்து கட்டை வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. மூன்றாவது மரத்தில் ஒரு சில்லே பெயர்ந்து விழுந்தது. துரை தானே வாங்கித் திருகாணியை முடுக்கிக் கொடுத்தார். அத்தை உளியைச் சாய்த்துப் பிடித்து நான்காவது மரத்தையும் ஐந்தாவது மரத்தையும் காயப்படுத்தினாள்.

"இத்தன வருசமா மரம் வெட்டுனியா, வெறகு வெட்டுனியா?" என்று கங்காணி எல்லார் முன்னாலும் கேட்டார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, கை பழகவில்லை என்றாள். கூட்டத்தில் யாரோ 'ச்சு' என்று நாக்கைத் தட்டினார்கள். அத்தையின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு எவ்வளவு வலித்ததோ தெரியாது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்னால் ஓடிப்போய்த் துரையின் சப்பாத்துக்கு எதிரே நின்றேன்.

"பொய்யி" என்றேன். "அத்தை அன்னைக்கு நல்லா வெட்டுனாங்க. நான்கூட இத வச்சு வெட்டுனேன்."

அப்பாவின் கை பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்தது. நான் சொன்னது என்ன என்று துரை கிராணியிடம் கேட்டார். கிராணி என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

துரையின் முகம் மாறிவிட்டது. என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்த்தார். மரம் வெட்டிய கையைத் துரையே மெச்சுகிறார் என்று நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் எழுந்து, உளியைத் தன் கையாலேயே உறையில் போட்டுப் பெட்டியை மூடினார்.

பதினோராம் நாள் அது வழக்கம்போல் லயத்துக்கு வந்துவிட்டது. மாமா கோழிக்கூண்டு கட்ட அதை வைத்து மூங்கில் சீவினார்; பிரமாதமாகச் சீவியது. ஞாயிற்றுக்கிழமை ஜம்பு மரத்தடியில் எல்லாரும் அத்தையின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"நல்ல சாமான்தான். நம்மகூடப் பொழைக்கத் தெரியல" என்றாள்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன. கோழிக்கூண்டு கட்டுகிற சாமானைப் பற்றிச் சொன்னதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் கப்பலேறவும் இல்லை, யாரும் ஏறவில்லை. மாரியம்மனோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை முதல் தட்டு முறுக்கைக் கிராணி வீட்டுக்கு என் கையில் கொடுத்தனுப்பினாள். பேனாப்பூச்சிக்கா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"கிராணி ஐயான்னு சொல்லு. அவரு மாதிரி இங்கிலீசு பேச ஈப்போவுலகூட ஆள் இல்ல" என்றாள், ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாத அத்தை. இங்கிலீஷ் பேசினால் முறுக்குக் கிடைக்கும் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். இந்தச் சாமான் தன் விரலை வெட்டப் பார்த்ததாகப் பிள்ளை சொல்கிறாள் என்றுதான் கிராணி அன்று சொன்னார் என்பதை அப்பா என்னிடம் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு.

அந்த ஐந்து மரமும் முண்டுமுண்டாக வீங்கிவிட்டன. அத்தை தினமும் அவற்றின் அருகில் கொஞ்ச நேரம் நின்று தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு அவமானமாக இருக்கும். கூட வரும் பிள்ளைகள் அந்த மரங்களைக் காட்டி யார் இப்படி வெட்டினது என்று கேட்டால், எனக்குத் தெரியாது, அது வேறு யாருடைய நிரையோ என்று சொல்லிவிட்டு நான் வேகமாக நடப்பேன்.