பம்பாய் சவரன்

வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சவரன் காசுகளைச் சேர்ப்பவன் நான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்பக்கத்தில் பொறித்த குதிரையின் காலடியில் கடுகளவு ஓர் எழுத்து இருக்கிறதே, அதுதான் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும். சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா எல்லாம் கிடைத்துவிட்டன. பம்பாயில் ஒரே ஒரு வருடம்தான் அடித்தார்கள். அந்த ஒன்றுக்காக ஏழு வருடம் நாயாக அலைந்தேன்.

அது கிடைத்த வாரம், சனிக்கிழமை காலை, கரமனை வீட்டுக் கட்டிலில் கறுப்புத் துணியை விரித்து ஆறையும் வரிசையாக வைத்திருந்தேன். இரண்டு வயது மகள் பக்கத்தில் தலையணையைக் குத்திக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் வந்தது. கதவைத் திறந்து வாங்கி வைத்துவிட்டு வந்தால், துணியில் ஐந்துதான். எது இல்லை என்று பார்த்தேன். பம்பாய்.

கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினேன். மேலே குழந்தை ஓக்காளித்தாள். தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "என்ன ஆச்சு? வாயில என்ன?"

"காச முழுங்கிட்டா போல இருக்கு."

மனைவியும் நானுமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் குழந்தையின் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு சிக்னலிலும், நின்றுவிட்டதோ என்று அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

"மோளு என்தா விழுங்கியது?" என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டரம்மா.

"சவரன். இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஏழு புள்ளி ஒன்பது எட்டு கிராம். இருபத்திரண்டு காரட்." மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார்.

தொண்டையிலேயே நின்றிருந்தால் என்ற நினைப்பில், அறை வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். படம் வந்தது. விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம்.

"வயித்துல எத்தி, எறங்கிடுச்சு. பேடிக்கண்டா, பயம் வேண்டாம், ரெண்டு மூணு நாள்ல தானா வெளிய வரும்," என்றார். குமட்டலுக்கு மருந்து எழுதப் பேனாவை எடுத்தவர், நிமிர்ந்து என்னையே கேட்டார்: "மோளுக்கு எத்ர கிலோ உண்டு?"

வாயைத் திறந்தேன். ஓர் எண்ணும் வரவில்லை. எட்டா, பதினைந்தா, எனக்குத் தெரியவில்லை.

"பன்னெண்டு முந்நூறு," என்றாள் மனைவி, குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

வீடு வரும்வரை அவள் ஏதாவது பேசிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.